நெய்தல் நாட்டின் கப்பல் எங்கே?

2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் ஒரு தமிழ்ப் படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. வேகமாக வரும் கார் ஒன்று சாய்தளத்தில் ஏறிப் பாய்ந்து கவிழ வேண்டும். இதே போன்ற காட்சிகளைப் பல படங்களில் செய்து பழகிய சண்டைக் கலைஞர் ஒருவர் அந்தக் காரை ஓட்டினார். கார் கவிழ்ந்தது. அவர் உயிர் பிழைக்கவில்லை. காவல் துறை வழக்குப் பதிவு செய்தது. திரையுலகம் இரங்கல் தெரிவித்தது. சில நாட்களில் செய்தி பக்கங்களிலிருந்து மறைந்தது.

நான் வசிக்கும் காரைக்காலிலிருந்து விழுந்தமாவடி வெகு தூரமில்லை. அந்த வாரம் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் அதே பேச்சுதான். “இப்போதுதான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்களே, பிறகு ஏன் ஒரு மனிதர் சாக வேண்டும்?” என்று கேட்டார் என் பழைய மாணவர் ஒருவர். எளிய கேள்விதான், ஆனால் சாகசப் படங்களைப் பற்றி நாம் வழக்கமாக நடத்தும் விவாதத்தை அது தலைகீழாக்கிவிடுகிறது.

அந்த விவாதம் எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்துப் படங்களில் வாள் உண்மை, குதிரை உண்மை, வியர்வை உண்மை. இந்தக் காலத்தில் எல்லாம் பச்சைத் திரையும் கணினி வரைகலையும் என்று ஒரு தரப்பு சொல்லும். அட்டைக் கோட்டையையும் தகர வாளையும் கண்டு மயங்கிய தலைமுறைக்குத் தொழில்நுட்பத்தின் அருமை தெரியாது என்று மறுதரப்பு சொல்லும். இரண்டு தரப்பும் சாகசத்தின் மேல்தோலையே பேசுகின்றன என்பது என் கருத்து. சாகசம் யாருக்கு நேர்கிறது, எதற்காக நேர்கிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பவையே கேட்கத்தக்க கேள்விகள். கடலோரத்தில் வாழ்கிறவன் என்பதால் கடல் சார்ந்த படங்களை வைத்தே இதைப் பேச விரும்புகிறேன்.

கொட்டகையில் ஒரு கப்பல்

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பகுதிக்கு வந்த டூரிங் டாக்கீஸில்தான் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தை முதலில் பார்த்தேன். பி.ஆர்.பந்துலு இயக்கத்தில் 1965இல் வெளியான படம், எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் இணைந்து நடித்த முதல் படம். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இரட்டையர் பிரிவதற்கு முன் சேர்ந்து இசையமைத்த கடைசிப் படங்களுள் ஒன்று. நகரங்களில் ஓடி முடித்துச் சில ஆண்டுகள் கழித்துத்தான் கொட்டகைக்கு வந்திருந்தது. தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தோம். ரீல் மாற்றும் இடைவெளிகளில் முறுக்கும் சோடாவும் வந்தன.

எனக்குப் பக்கத்தில் கிளிஞ்சல்மேட்டு மீனவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். நாங்கள் எல்லோரும் அவரைத் தாத்தா என்றே அழைப்போம். திரையில் பாய்மரக் கப்பல் தோன்றியதும் சிரிக்கத் தொடங்கினார். “காத்து இந்தப் பக்கம் அடிக்குது, பாயி அந்தப் பக்கம் உப்புது. கப்பல் எப்படிடா தம்பி போவும்?” என்றார். நங்கூரத்தையும் விடவில்லை, சுக்கானையும் விடவில்லை. படம் முழுவதும் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் மறுநாளும் வந்தார். மூன்றாம் நாளும் வந்தார். “கப்பல்தான் சரியில்லன்னீங்களே தாத்தா, அப்புறம் ஏன் வர்றீங்க?” என்று கேட்டேன். “அடிமையா வித்தவன் திரும்பி வர்றான்ல. அதப் பாக்கத்தான்” என்றார். சற்றுப் பொறுத்து, “எங்க பாட்டனோட தம்பி இந்தக் கரையிலேருந்துதான் கப்பல் ஏறுனாரு. வரல” என்றார்.

அப்போது எனக்கு அது புரியவில்லை. பின்னாளில் கல்லூரியில் வரலாறு கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான், அவர் சொன்ன ஒற்றை வரிக்குப் பின்னால் ஒரு பெரும் வரலாறு இருப்பது தெரிந்தது.

காரைக்காலிலிருந்து கரீபியனுக்கு

காரைக்கால், காவிரிப் படுகையின் கடைமுனையில், அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள சுமார் 160 சதுர கிலோமீட்டர் நிலத்துண்டு. மூன்று பக்கமும் தமிழ்நாட்டின் மாவட்டங்கள், கிழக்கே கடல். தஞ்சை மன்னரிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த இந்த ஊர், 1954 நவம்பர் 1 வரை அவர்களுடைய ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை 1848இல் ஒழிக்கப்பட்ட பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அந்தத் தேவையை நிறைவேற்றிய துறைமுகங்களில் காரைக்காலும் ஒன்று.

ஐந்தாண்டு ஒப்பந்தம், திரும்பி வரக் கப்பல் இடம் என்ற வாக்குறுதிகளோடு தஞ்சை, திருச்சி, தென்னார்க்காட்டு ஏழைகள் இங்கே கப்பல் ஏற்றப்பட்டார்கள். இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்கும், அதற்கும் அப்பால் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு கரீபியன் கடலின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் அவர்கள் போனார்கள். இந்தியர்களை ஏற்றிய முதல் கப்பல் மார்த்தினிக் தீவை அடைந்தது 1853இல்; குவாதலூப் தீவை அடைந்தது 1854இல். மார்த்தினிக்குக்கு 25 ஆயிரம் பேருக்கு மேல், குவாதலூப்புக்கு 40 ஆயிரம் பேருக்கு மேல், ரீயூனியனுக்கு அவற்றினும் அதிகம். தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதம் குறித்த புகார்கள் குவிந்ததால், ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை 1882இலும், பிற பிரெஞ்சுத் தீவுகளுக்கு அனுப்புவதை 1888இலும் பிரிட்டிஷ் இந்திய அரசு தடை செய்தது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை.

இப்போது அந்தத் திரைப்படத்துக்கு மீண்டும் வருவோம். கிளர்ச்சியாளர்களுக்கு மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக மணிமாறன் என்ற வைத்தியன் சிறைபிடிக்கப்படுகிறான். அவனும் தோழர்களும் கப்பலில் ஏற்றப்பட்டு, ஒரு தீவில் அடிமைகளாக விற்கப்படுகிறார்கள். அங்கிருந்து கடற்கொள்ளையரிடம் சிக்கி, இறுதியில் தாய்நாட்டை மீட்கத் திரும்புகிறார்கள். ரஃபேல் சபாட்டினியின் ‘கேப்டன் பிளட்’ நாவலின், அதை வைத்து மைக்கேல் கர்டிஸ் 1935இல் எடுத்த ஹாலிவுட் படத்தின் சாயல் வெளிப்படையானது. அந்தக் கதையின் அயர்லாந்து மருத்துவர் விற்கப்படுவது கரீபியன் தீவில். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் நாயகனின் நாட்டுக்கு இட்ட பெயர் ‘நெய்தல் நாடு’.

இந்தத் தற்செயல் என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. கரீபியனுக்கு விற்கப்பட்ட ஓர் அயர்லாந்துக்காரனின் கற்பனைக் கதை நெய்தல் நாட்டுக் கதையாகத் தமிழுக்கு வந்தது. உண்மையான நெய்தல் நிலத்திலிருந்து உண்மையான மனிதர்கள் அதே கரீபியனுக்குப் போன கதை திரைக்கு வரவே இல்லை. படத்தை எழுதியவர்கள் காரைக்காலை நினைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை; அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கடற்காட்சிகள்கூட மேற்குக் கடற்கரையின் கார்வாரில்தான் எடுக்கப்பட்டன. ஆனால் கொட்டகையில் உட்கார்ந்திருந்த அந்த முதியவர் அந்தப் படத்தில் தன் குடும்பத்தின் கதையைக் கண்டார். பாய் தவறான பக்கம் உப்பியது அவருக்குத் தெரிந்தது. அதை மன்னிக்கவும் அவரால் முடிந்தது. ஏனெனில் கதையின் விசை சரியான திசையில் இருந்தது.

அடிமையின் இடம்

பழைய சாகசப் படங்கள் எல்லாம் உயர்ந்தவை என்று நான் வாதிடவில்லை. அவற்றின் குறைகள் பல. கதைகள் பெரும்பாலும் கடன் வாங்கியவை. பெண்களை அடக்கிப் பணியவைப்பதை நகைச்சுவையாகக் காட்டியவை பல. நாயகனின் பிம்பத்தை அரசியல் முதலீடாக மாற்றியதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் அவற்றின் அடிப்படை இலக்கணம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் சாகசம் ஓர் அநீதியிலிருந்து தொடங்கும். நாயகன் பெரும்பாலும் பதவியற்றவன். இறுதியில் விடுபடுவது அவன் மட்டுமல்ல. எம்.ஜி.ஆர். தன் உடைமைகளைப் பணயம் வைத்து 1958இல் தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ படத்தில், ஒரு நாடோடி அரியணையில் அமர்ந்து ஏழைகளுக்கான சட்டங்களை அறிவிப்பான். 1956இன் ‘மதுரை வீரன்’ ஒரு நாட்டார் தெய்வத்தின் கதை, காவல்காரனின் கதை.

‘மதுரை வீரன்’ பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். குவாதலூப், மார்த்தினிக் தீவுகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் இன்றும் மாரியம்மனோடு ஒரு காவல் தெய்வத்தையும் வணங்குகிறார்கள். அவர்கள் நாவில் திரிந்து வழங்கும் ‘மால்தெவிலன்’ என்ற அந்தப் பெயரை மதுரை வீரனின் திரிபாகவே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். நம் தெருக்கூத்து போன்ற நாடகம் அங்கே ‘நாத்ரோன்’ என வழங்குகிறது. மொழியை இழந்தவர்கள் வீரனை இழக்கவில்லை. கப்பலின் அடித்தட்டில் அவர்கள் கொண்டுபோன சொற்பச் சுமைகளில் ஒரு சாகசக் கதையும் இருந்தது. சாகசக் கதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டுண்டவனுக்கு அது ஓர் ஊன்றுகோல்.

இந்த இலக்கணத்தோடு இன்றைய பெரும் படங்களை ஒப்பிடுவோம். தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்டு, 2015இலும் 2017இலும் இரு பாகங்களாக வெளிவந்த ‘பாகுபலி’ இந்தியத் திரையுலகின் கணக்குகளையே மாற்றியமைத்தது. அதன் அருவியும் போர்க்களமும் என்னையும் வாய்பிளக்க வைத்தன, மறுக்கவில்லை. ஆனால் அதன் நாயகனுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது? இரத்தத்திலிருந்து. காட்டில் வளர்ந்தாலும் அவன் பிறப்பால் அரசன். அதை அறிந்துகொள்வதே அவனுடைய பயணம். அதே கதையில் கட்டப்பா என்ற மாவீரன் இருக்கிறான். முன்னோர் கொடுத்த வாக்கினால் அரியணைக்குத் தலைமுறை அடிமை. அவன் விடுதலை கேட்பதில்லை. கதையும் அவனுக்காகக் கேட்பதில்லை. அவனுடைய அடிமைத்தனம் விசுவாசமாகப் போற்றப்படுகிறது. 1965இல் அடிமைத்தளை உடைக்கப்பட வேண்டியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அது கைதட்டிக் கொண்டாடப்படும் பண்பு. வாள் உண்மையா, வரைகலையா என்பதைவிட எனக்கு இந்த மாற்றமே பெரிதாகப் படுகிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. இன்றைய படங்கள் எல்லாம் அரச வம்சப் பெருமை பேசுபவை அல்ல. செல்வராகவன் 2010இல் எடுத்த இன்னோர் ‘ஆயிரத்தில் ஒருவ’னின் நாயகன் முத்து ஒரு கூலித் தொழிலாளி. மறைந்துபோன சோழர்களைத் தேடிக் கடல் கடந்து போகும் அந்தப் படம், அரசப் பெருமையைக் கண்முன் நிறுத்திய கையோடு, பசித்து மெலிந்த ஒரு மக்கள் கூட்டம் நவீன ஆயுதங்களின் முன் அழிவதைக் காட்டியது. 2009இன் முள்ளிவாய்க்காலுக்கு அடுத்த பொங்கலுக்கு வந்த அந்தக் காட்சிகளைத் தமிழர்கள் எதனோடு பொருத்திப் பார்த்தார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. பா.ரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) கோலார் தங்க வயலில் மண் தோண்டியவர்களைச் சாகச நாயகர்களாக்கியது. அருண் மாதேஸ்வரனின் ‘கேப்டன் மில்லர்’ (2024) கோயிலுக்குள் நுழைய முடியாதவனின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது. கடல் தாண்டாவிட்டாலும், தேயிலைத் தோட்டத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டவர்களின் கதையைப் பாலாவின் ‘பரதேசி’ (2013) சொன்னது.

ஆகவே, ‘அன்று நல்லது, இன்று கெட்டது’ என்ற கோடு கிழிக்க முடியாது. சிறுமைப்பட்டவனைச் சாகசத்தின் மையத்தில் வைக்கும் மரபு தமிழில் அறுபடவில்லை. ஆனால் எந்தப் படத்துக்கு ஆயிரக்கணக்கான திரைகள் திறக்கின்றன, எதற்கு மூடுகின்றன என்பதில்தான் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது.

மூன்று நாள் ஆயுள்

இந்தியா முழுவதற்கும் ஒரே படம் என்ற எண்ணம் புதிதல்ல. எஸ்.எஸ்.வாசனின் ‘சந்திரலேகா’ 1948இல் தமிழிலும், அதே ஆண்டின் இறுதியில் இந்தியிலும் வெளியாயிற்று. முரசு நடனத்துக்கும் வாள் சண்டைக்கும் நாடே திரண்டது. அன்றைய மதிப்பில் சுமார் 30 லட்சம் ரூபாய் செலவானதாகத் திரை வரலாறு சொல்கிறது, மலைக்கவைக்கும் தொகைதான். ஆனால் அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க வாசனுக்குக் காலம் இருந்தது. படம் நகரத்தில் நூறு நாள் ஓடும். பிறகு சிற்றூருக்குப் போகும். பிறகு கொட்டகைக்குப் போகும். தரை டிக்கெட்காரன் கொடுத்த காசும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. ஆகவே தரை டிக்கெட்காரனின் மனமும் கதையில் இடம்பெற்றது.

இன்று பெரும் படம் ஒன்றின் ஆயுள் வெள்ளி, சனி, ஞாயிறு. சில வாரங்களில் அது கைபேசிக்கு வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று நாட்களில் உலகெங்கும் ஒரே நேரத்தில் முதலை எடுக்க வேண்டுமானால், எந்த ஊருக்கும் உரியதாக இல்லாத, எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு கதை தேவைப்படுகிறது. அரியணை, பழி, இரத்த உறவு, பேரொலி. 2024 நவம்பரில் வெளியான ‘கங்குவா’ இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பல ஆண்டு உழைப்பு, பெரும் பொருட்செலவு, உழைப்பில் குறை வைக்காத நாயகன். எல்லாம் இருந்தும், ஒலி அளவைக் குறைக்குமாறு தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. படம் ஓடவில்லை.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. 1965இன் ‘ஆயிரத்தில் ஒருவன்’ எண்ம முறையில் புதுப்பிக்கப்பட்டு 2014 மார்ச்சில் மீண்டும் வெளியானபோது, சென்னையில் 175 நாட்களைக் கடந்து ஓடியது. 2010இல் கலவையான வரவேற்பைப் பெற்ற செல்வராகவனின் படம், 2021இன் கடைசி நாளில் மறுபடி திரைக்கு வந்தபோது இளைஞர்களால் நிறைந்தது. ஒரே பெயர் கொண்ட இரண்டு படங்கள். இரண்டையும் காலம் அழைத்து வந்து மறுபடி உட்கார வைத்தது. இரண்டின் நாயகர்களும் முடி தரித்தவர்கள் அல்லர்.

அலையைச் செய்தவர்கள்

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை 2022 அக்டோபரில் என் பேத்தியோடு பார்த்தேன். கல்கியின் நாவலை நான் கற்றுத் தந்திருந்ததால் அவள் ஆர்வத்தோடு வந்தாள். வந்தியத்தேவன் கோடிக்கரைக்குப் போய், பூங்குழலியின் படகில் இலங்கைக்குக் கடல் கடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் கேட்டாள்: “கோடிக்கரைக்கு நம்ம ஊர் வழியாத்தானே தாத்தா போயிருப்பார்? படத்துல நம்ம ஊர் மாதிரி எதுவுமே இல்லையே?” படம் தாய்லாந்திலும், ஐதராபாத்தின் படப்பிடிப்பு நகரத்திலும், மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சா, குவாலியர் கோட்டைகளிலும் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. ஓர்ச்சாவின் மாளிகைகள் சோழர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. வடநாட்டுப் பாணியில் எழுந்தவை. பொன்னி நதியின் கதையில் பொன்னி பாயும் நிலம் அதிகம் இல்லை.

தயாரிப்பாளர்களின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. சோழர் அரண்மனை எதுவும் எஞ்சவில்லை. மின்கம்பிகளும் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் இல்லாத டெல்டா கிராமம் இன்று கிடையாது. பழைய படங்களும் எங்கள் கரைக்கு வரவில்லை என்பதை மேலே சொன்னேன். இருந்தாலும் குழந்தையின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கடலையே ஊரிலிருந்து பெயர்த்தெடுத்த படம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஒன்றியப் பிரதேசத்தின் தலைநகர் புதுச்சேரியில் தொடங்கும் கதை, ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ (2012). புதுச்சேரிச் சிறுவனும் புலியும் அலையும் அந்தப் பெருங்கடல், தைவானின் தைச்சுங் நகரில் கட்டிய அலைத் தொட்டியிலும் கணினிகளிலும் உருவானது. புலியையும் கடலையும் உயிர்ப்பித்த ‘ரிதம் அண்ட் ஹியூஸ்’ நிறுவனம், 2013 பிப்ரவரியில், ஆஸ்கர் விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் திவாலானது. விழா அரங்குக்கு வெளியே வரைகலைக் கலைஞர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு போராடினர். உள்ளே அதே படத்துக்குச் சிறந்த காட்சி விளைவுகளுக்கான விருது கிடைத்தது. விருது பெற்றவர் தன் நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கியபோது, பேச்சை நிறுத்துவதற்கான இசை ஒலித்தது. அது ‘ஜாஸ்’ என்ற சுறாப் படத்தின் இசை.

சண்டைக் கலைஞரும் வரைகலைக் கலைஞரும் ஒரே வரிசையில் நிற்பவர்கள் என்பது என் எண்ணம். நாயகன் பாய்வதாக நாம் காணும் பாய்ச்சலை ஒருவர் உடலால் செய்கிறார். மற்றவர் இரவெல்லாம் விழித்துத் திரையில் செய்கிறார். சுவரொட்டியில் இருவருமே இல்லை. 2020 பிப்ரவரியில் சென்னை அருகே ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் பளுதூக்கி சரிந்து மூவர் இறந்தனர். தொழில்நுட்பம் வளர்ந்ததால் சாகசத்தின் ஆபத்து குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் இன்று கம்பியில் தொங்கத் தேவையில்லை. காரைக் கவிழ்க்கிறவர் இன்னும் கவிழ்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆகவே என் மாணவரின் கேள்விக்கு இதுவே பதில்: கணினியால் செய்ய முடியாதது அல்ல அந்தக் காட்சி. அதற்கான நேரமும் பணமும் எங்கே ஒதுக்கப்படுகின்றன என்பதே விஷயம். ஆயிரம் படைவீரர்களைப் பெருக்கிக் காட்டச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கு, ஓர் உயிருள்ள ஓட்டுநரைக் காருக்குள்ளிருந்து வெளியே எடுக்கப் போதும். தமிழ்நாடு, புதுச்சேரி அரசுகள் படப்பிடிப்புக்கு அனுமதி வழங்கும்போதே, ஆபத்தான சண்டைக் காட்சிகளுக்குத் தனி அனுமதி, களத்தில் மருத்துவரும் ஆம்புலன்ஸும், கலைஞர்களுக்குக் கட்டாயக் காப்பீடு ஆகியவற்றை நிபந்தனையாக்க வேண்டும். பணத்தை விட இதற்கு மனமே தேவை.

கரையில் நிற்பவர்கள்

எங்கள் ஊருக்கு ஒரு சாகசக் கதை ஏற்கனவே உண்டு. கடல் வணிகன் பரமதத்தன் கப்பலேறிப் போனான். திரும்பி வந்து பாண்டி நாட்டில் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டான். ஆனால் ஊர் நினைவில் வைத்திருப்பது அவனை அல்ல. கரையில் விடப்பட்ட புனிதவதியைத்தான். ஆனி மாதம் மாங்கனித் திருவிழா எடுப்பது அவளுக்காகத்தான். 1973இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் கே.பி.சுந்தராம்பாள் அந்த அம்மையாராக நடித்தார். கடலுக்குப் போகிறவன் கதையின் பாதிதான். காத்திருப்பவர் மறுபாதி என்பதை இந்த ஊர் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது.

அந்த மறுபாதி பழங்கதையல்ல. 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே, காரைக்கால் படகில் சென்ற 13 மீனவர்களை நோக்கி இலங்கைக் கடற்படை சுட்டது. ஐவர் காயமடைந்தனர், இருவருக்குப் பலத்த காயம். டெல்லியில் இலங்கையின் பொறுப்புத் தூதர் அழைக்கப்பட்டுக் கண்டனம் தெரிவிக்கப்பட்டது. அன்று கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். பெண்கள் கைபேசிகளைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்களில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை, அழைப்பு வரும் என்று காத்திருந்தார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடல் என்ன செய்யும் என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எல்லை, எரிபொருள், கடன், வலை, துப்பாக்கி என எத்தனையோ சுமைகளோடு ஒவ்வோர் இரவும் படகு இறங்குகிறது.

கடலை மையமாக வைத்து எடுக்கப்படும் நம் அடுத்த பெரும் படத்தில் இவற்றில் ஏதேனும் இருக்குமா? மீனவர் பிரச்சினையைப் பாடமாக எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. படம் பாடப்புத்தகமானால் நானே எழுந்து வந்துவிடுவேன். சாகசப் படம் வேண்டும். பாய்மரம் வேண்டும், புயல் வேண்டும், வாளும் வேண்டும். அதற்கான கதையும் இங்கேயே கிடக்கிறது. 1850களில் காரைக்காலில் கப்பலேறி, இரண்டு பெருங்கடல்களைக் கடந்து, பெயரையும் மொழியையும் இழந்து, மதுரை வீரனை மட்டும் இழக்காத ஒரு கூட்டத்தின் பயணத்தைவிடப் பெரிய சாகசம் எது? அந்த அலையை எழுப்ப இன்றைய கணினிகள் தேவைப்படும். அவை இல்லாமல் முடியாது. பந்துலுவுக்குக் கிடைக்காத கருவிகள் அனைத்தும் இன்றைய இயக்குநர்களிடம் இருக்கின்றன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு ஏற்பப் பாயை உப்பச் செய்ய இப்போது முடியும்.

அந்தத் தாத்தா மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவருடைய பாட்டனின் தம்பி எந்தத் தீவில் இறங்கினார், அங்கே அவருடைய வழியினர் இன்று யார் என்பது குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. அப்படி ஒரு படம் வந்தால், பேத்தியை அழைத்துக்கொண்டு முதல் காட்சிக்கே போவேன். அவரைப் போலக் குறை சொல்லிக்கொண்டே, மறுநாளும் போவேன்.